லோடு வண்டி சைலன்சர் பைப் ஜாயின்ட் துரு ஏறி இறுகிப் போச்சா, வீட்லயே கழட்டுறது எப்படி

குட்டி யானை, தோஸ்து, பொலிரோ பிக்கப் மாதிரி வண்டி வெச்சிருக்கவங்களுக்கு சைலன்சர் மாத்துற வேலை என்னைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். புது சைலன்சர் வாங்கிறது பெரிய விஷயமே இல்ல, ஸ்பேர் கடை அண்ணாச்சிகிட்ட வண்டி மாடல் சொன்னா எடுத்துக் குடுத்துடுவாரு. பழசைக் கழட்டுறதுலதான் பாதி நாள் போயிடும். அதுவும் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் உப்பு ஏத்துற வண்டியோ மீன் பெட்டி ஏத்துற வண்டியோன்னா கேக்கவே வேணாம், உப்புத் தண்ணி மேலருந்து சொட்டிச் சொட்டி அடியில ரெண்டு பைப்பும் ஒரே இரும்பா ஆகியிருக்கும்.

ஏன் இப்படிப் பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கழட்டுறது கொஞ்சம் சுலபம். இரும்பு துருவா மாறும்போது பழைய இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். ஒரு பைப்புக்குள்ள இன்னொரு பைப் போய் உக்காந்திருக்கு, நடுவுல நூல் அளவு சந்து, அந்தச் சந்துல துரு வளர்ந்தா எங்க போகும், ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிடிச்சுக்கும். வெளியருந்து மட்டும் இல்ல உள்ளருந்தும் துரு வரும், டீசலோ பெட்ரோலோ எரியும்போது தண்ணி ஆவி உண்டாகுது, பைப் நல்லா சூடேறுற அளவுக்கு வண்டி ஓடுனா அது வெளிய போயிடும், பக்கத்துத் தெரு வரைக்கும் மட்டும் போயிட்டு வந்து நிறுத்துற வண்டில அந்தத் தண்ணி பைப்புக்குள்ளயே தங்கி அரிக்கும். அதனாலதான் சில வண்டி கிலோமீட்டர் கம்மியா ஓடியிருந்தும் சைலன்சர் முதல்ல போயிடுது.

சரி, ஸ்பேனரைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சிருக்கணும்: இந்த ஜாயின்ட்ல எந்தப் பக்கம் பைப் நமக்கு வேணும், எந்தப் பக்கம் பழைய இரும்புக் கடைக்குப் போகப் போகுது? ரெண்டையும் காப்பாத்தணும்னு பாத்தா நாள் முழுக்க அடியில படுத்துக் கிடக்கணும். சைலன்சர் ஓட்டை, முன்னாடி பைப் நல்லா இருக்குன்னா சைலன்சர் பக்கத்தை வெட்டலாம், நசுக்கலாம், கிழிக்கலாம், கவலையே வேணாம், முன் பைப் மேல மட்டும் ஒரு அடி விழக்கூடாது. இதை முடிவு பண்ணிட்டா கீழ சொல்ற ஒவ்வொரு வேலையும் எந்தப் பக்கம் செய்யணும்னு தானா விளங்கிடும். ரெண்டு பக்கமும் வேணும்னா மட்டும்தான் பொறுமையா எண்ணெய், சூடுன்னு போகணும். ரெண்டு பக்கமும் வேணாம்னா இதைப் படிக்கவே வேணாம், ஆக்சா பிளேடு போட்டு அறுத்துத் தள்ளுங்க.

அடுத்தது எந்த மாதிரி ஜாயின்ட்னு பாருங்க. கம்பி பிரஷ் போட்டு சேறு, துருச் செதில் எல்லாம் தேச்சு எடுத்தாத்தான் தெரியும். ஒரு பைப் இன்னொண்ணுக்குள்ள சொருகி மேல யூ கிளாம்ப் போட்டிருந்தா அது ஒரு வகை, இந்தக் கட்டுரைல முக்காவாசி அதைப் பத்திதான். ரெண்டு தட்டு எதிரெதிரா வெச்சு நடுவுல பேக்கிங் போட்டு ரெண்டோ மூணோ போல்ட் முடுக்கியிருந்தா ஃபிளாஞ்ச், அது சுலபம், போல்ட் போனா ஜாயின்ட் போச்சு. ஸ்பிரிங் வெச்ச போல்ட்டும் உள்ள உருண்டையா ஒரு ரிங் பேக்கிங்கும் இருந்தா அதுவும் ஃபிளாஞ்ச் சாதிதான். பெரிய லாரி, டிப்பர்ல டர்போவுக்குப் பக்கத்துல வளையமா ஒரு வி கிளாம்ப் இருக்கும், அதுல ஒரே நட்டு, நட்டைக் கழட்டுனாலும் வளையம் விடாது, வளையத்தைச் சுத்திலும் கொட்டாப்புளியால லேசா தட்டிக்கிட்டே வந்தா விரிஞ்சு குடுத்துடும்.

இப்ப பாதுகாப்பு, சுருக்கமா சொல்லிடுறேன் ஆனா சுருக்கமா செய்யாதீங்க. வண்டி முழுசா ஆறியிருக்கணும். சமதளத்துல நிறுத்தி கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை குடுங்க. பிக்கப் வண்டில நிறைய பேருக்கு ஜாக்கியே தேவைப்படாது, அடியில படுத்தாலே இடம் போதும், அப்படி முடிஞ்சா தூக்கவே தூக்காதீங்க. தூக்குனா ஸ்டாண்டு வெச்சே ஆகணும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகக்கூடாது, ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அது மேல வண்டியை நிறுத்துற வேலை கூடவே கூடாது, அந்தக் கல் உடையுறதுக்கு முன்னாடி சத்தமே போடாது. நாம இந்த ஜாயின்ட்டை ஆட்டி முறுக்கப் போறோம், வண்டியும் சேர்ந்து ஆடும், ஞாபகம் வெச்சுக்கோங்க. கண்ணாடி கண்டிப்பா, ஏன்னா மல்லாக்க படுத்து அடிக்கும்போது துரு நேரா கண்ணுக்குள்ளதான் வரும். மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓட விடாதீங்க, அதுவும் கழண்ட சைலன்சரோட, அந்தப் புகைல இருக்க கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிஎஸ்-6 வண்டி, அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி வெச்சிருக்கவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க. உங்க பைப்புல பாதி தூரம் வெறும் பைப் இல்ல. அதுக்குள்ள புகையைச் சுத்தம் பண்ற, பீங்கான் மாதிரி தேன்கூடு வெச்ச கேட்டலிஸ்ட் இருக்கும், டீசல் வண்டின்னா கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டரும் இருக்கலாம், வண்டியைப் பொறுத்து வெளிய டெம்பரேச்சர் சென்சார், புகையை அளக்கிற நாக்ஸ் சென்சார், சின்னச் சின்ன பிரஷர் பைப்னு தொங்கும். அந்த டப்பா மேல ஒரு சுத்தியல் அடி விழுந்தா உள்ள இருக்க பீங்கான் நொறுங்கிடும், விலை கேட்டா மயக்கம் வரும். சென்சாரோட வயரைக் கழட்டி ஓரமா கட்டி வெச்சிட்டு, அந்த டப்பாவுக்குப் பின்னாடி இருக்க கடைசி பைப், டெயில் பைப் மட்டும் வீட்ல பாருங்க, மத்ததை சர்வீஸ்ல குடுத்துடுங்க. கேட்டலிஸ்ட்டையே எடுத்துட்டு வெறும் பைப் வெல்டிங் அடிக்கிற ஐடியா யாராவது குடுத்தா கேக்காதீங்க, சட்டப்படி தப்பு, புகை டெஸ்ட்லயும் தேறாமப் போகலாம்.

வேலை முதல் நாள் சாயங்காலமே ஆரம்பிக்குது. நட்டு, போல்ட், பைப் சேருற விளிம்பு எல்லா இடத்துலயும் ரஸ்ட் ஸ்ப்ரே அடிங்க. டபிள்யூடி-40 பரவாயில்ல, ஆனா அதை விட துருவுக்குள்ள இறங்கறதுக்குன்னே தனியா ஸ்ப்ரே விக்கிறாங்க, அது கிடைச்சா நல்லது. கிடைக்கலன்னா பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துற ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு பாட்டில்ல வெச்சுக்கலாம், ரெண்டும் பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கிட்டு ஊத்தணும், பெயின்ட் மேல பட்டா பெயின்ட் போயிடும், நெருப்பு சீக்கிரம் பிடிக்கும், பீடி பத்த வெச்சுக்கிட்டு இந்த வேலை வேணாம். பழைய ஆளுங்க மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில்னு எதையாவது ஊத்துவாங்க, ஒண்ணுமே இல்லாததுக்கு அதுவும் பரவாயில்ல.

ஊத்திட்டு சும்மா விடாதீங்க. ஸ்ப்ரே அடிச்சு சின்ன சுத்தியலால ஜாயின்ட்டைச் சுத்தி டொக் டொக்குனு தட்டுங்க, பலமா வேணாம், அந்த அதிர்வுல துருவுல மயிரிழை வெடிப்பு விழும், எண்ணெய் அதுக்குள்ள இறங்கும். மறுபடி அடி, மறுபடி தட்டு, ராத்திரி அப்படியே விட்டுடுங்க. நேரம் இருந்தா காலைல இன்ஜினை ரெண்டு நிமிஷம் ஓட விட்டு பைப் கை பொறுக்கிற சூடா இருக்கும்போது ஒரு தடவை அடிச்சு ஆற விடலாம், ஆறும்போது சந்துல எண்ணெய் நல்லா உள்ள போகும். கொதிக்கிற பைப் மேல மட்டும் அடிக்காதீங்க, பத்திக்கும்.

இப்ப நட்டு. ஓப்பன் ஸ்பேனர் போடவே போடாதீங்க, துரு அரிச்ச நட்டோட மூலை ஏற்கனவே மழுங்கியிருக்கும், ரெண்டு தடவை வழுக்குனா ரவுண்டு ஆகிடும். ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி, பன்னெண்டு மூலை பாக்ஸ் இதுக்கு ஆகாது. நட்டு அரிச்சுப் போய் சைஸ் இறங்கியிருந்தா ஒரு சைஸ் சின்ன பாக்ஸை சுத்தியலால தட்டி ஏத்துனா கடிச்சுப் பிடிக்கும். முதல்ல கழட்டுற பக்கம் முறுக்காம இறுக்குற பக்கம் ஒரு இம்மி முறுக்குங்க, டிக்குனு ஒரு சத்தம் வரும், துரு விட்டதுன்னு அர்த்தம், அப்புறம் திருப்புங்க. கால் சுத்து கழட்டி, பாதி திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழட்டி, இப்படித்தான் போகணும். ஒரே மூச்சுல நீள பைப் மாட்டி இழுத்தா மரையோட சேர்ந்து போல்ட் அறுந்துடும்.

ஆனா யூ கிளாம்ப் நட்டுக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுக்கும் இவ்வளவு மரியாதை தேவையில்ல. புது கிளாம்ப், புது போல்ட் எல்லாம் சில்லறைக் காசு, வரலன்னா ஏஜி-4 கிரைண்டர், அதாவது கைல பிடிச்சு இரும்பு வெட்டுற மெஷின் வெச்சு வெட்டுங்க, இல்ல வெட்டு உளி வெச்சு நட்டைப் பிளந்துடுங்க. இதே நட்டு மேனிஃபோல்டுல (இன்ஜினை ஒட்டி புகை முதல்ல வெளிய வர்ற பாகம்) ஸ்டட் (தலை இல்லாத போல்ட்) மேல இருந்தா கதை வேற. அது வார்ப்பிரும்பு, ஸ்டட் உள்ள அறுந்துடுச்சுன்னா டிரில் போட்டு எடுத்து மரை புதுசா போடணும், வீட்ல மல்லாக்க படுத்துக்கிட்டு நடக்கிற வேலை இல்ல. அங்க நட்டு ஒரு தடவைக்கு மேல அடம் பிடிச்சா விட்டுடுங்க, வண்டியை பட்டறைக்கு ஓட்டிட்டுப் போற நிலைமைல இருக்கும்போதே போயிடுறது நல்லது, இது என் அபிப்பிராயம்.

கிளாம்ப் போயிடுச்சு, பைப் இன்னும் வரல. எதிர்பார்த்ததுதான். யூ கிளாம்ப் இறுக்கும்போது வெளிப் பைப்பையும் உள் பைப்பையும் சேர்த்து நெளிச்சு ஒரு பள்ளம் போட்டிருக்கும், துரு போனாலும் அந்தப் பள்ளம் பூட்டு மாதிரி பிடிச்சு நிக்கும். முதல்ல சாக்பீஸாலயோ ஆணியாலயோ ரெண்டு பைப்புக்கும் குறுக்க ஒரு கோடு போட்டுக்கோங்க, திரும்ப மாட்டும்போது எந்தக் கோணம்னு தெரியணும், அதோட நாம ஆட்டும்போது பைப் நிஜமாவே அசையுதா இல்ல வண்டி மட்டும்தான் ஆடுதான்னு அந்தக் கோடு காட்டிக் குடுத்துடும்.

அப்புறம் ரெண்டு சுத்தியல் வேலை. ஒரு கனமான சுத்தியலை ஜாயின்ட்டுக்கு ஒரு பக்கம் அண்டக் குடுத்துப் பிடிச்சுக்கிட்டு எதிர் பக்கம் இன்னொரு சுத்தியலால அடிக்கணும், அடி விழுற இடமும் அண்டக் குடுத்த இடமும் நேர் எதிரா இருக்கணும். அப்படியே சுத்தி வாங்க. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பைப் முட்டை வடிவத்துக்குப் போயிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் வராது, வந்தாலும் புது பைப் அதுல ஏறாது. இந்த ஒரு வேலைலயே நிறைய ஜாயின்ட் விட்டுடும், கருப்பா மாவு மாதிரி துரு கொட்ட ஆரம்பிச்சா நல்ல சகுனம்.

இப்ப இழுக்கணும், ஆனா நேரா இழுக்கக் கூடாது. வீங்குன விரல்ல மாட்டுன மோதிரத்தை எப்படி எடுப்போமோ அப்படித்தான், இடம் வலம்னு திருகித் திருகித்தான் வெளிய கொண்டு வரணும். வேண்டாத பக்கத்துல பைப் ரெஞ்ச் போட்டு ஒரு இம்மி இங்க, ஒரு இம்மி அங்க. டெயில் பைப் நீளமா இருந்தா அதையே பிடியா வெச்சு ஆட்டலாம், அதனாலதான் நீளமா இருக்கற பைப்பை முதல்லயே அறுத்து எறியாதீங்கன்னு சொல்றது, கைக்குப் பிடி போயிடும். சைலன்சரைத் தொங்க விட்டிருக்க ரப்பரை முன்கூட்டியே கழட்டிட்டா நல்லா திரும்பும், ரப்பர் வரலன்னா சோப்புத் தண்ணி போடுங்க, எண்ணெய் போட்டா ரப்பர் ஊறிப் போயிடும். ரப்பரைக் கழட்டுனதும் சைலன்சர் முழு வெயிட்டும் ஜாயின்ட்ல தொங்கும், ஒரு கயிறு கட்டியோ அடியில கட்டை குடுத்தோ தாங்க வைக்கணும், வளைஞ்சு தொங்குற பைப் உள்ளயே கடிச்சுக்கிட்டு வராது. கொஞ்சம் அசைய ஆரம்பிச்சிட்டா சைலன்சர்ல வெல்டிங் அடிச்ச பிராக்கெட் மேல மரக்கட்டையை வெச்சு பின்பக்கமா அடிச்சுத் தள்ளலாம்.

இதுக்கும் அசையலன்னா சூடு. கணக்கு சொல்றேன், 50 மில்லிமீட்டர் பைப்பை 400 டிகிரி கூட சூடு பண்ணுனா அதோட விட்டம் கால் மில்லி கிட்ட பெருகும். துரு பிடிச்ச சந்துக்கு கால் மில்லி பெரிய விஷயம். ஆனா வெளிப் பைப் மட்டும் பெருகணும், ரெண்டும் சேர்ந்து சூடானா ரெண்டும் சேர்ந்து பெருகும், பிரயோஜனம் இல்ல. அதனால சின்னக் கூர்மையான தீயா, வேகமா, வெளிப் பைப்பைச் சுத்திலும் காட்டி லேசா செவக்க ஆரம்பிச்ச உடனே திருகணும். கடைல விக்கிற கேன் டார்ச் நட்டுக்குப் போதும், பைப்புக்குப் பல நேரம் பத்தாது. தார் ஷீட் ஒட்டுறவங்க வெச்சிருக்க பெரிய டார்ச் எடுத்துட்டு வராதீங்க, தீ பரவி வண்டி அடியில எல்லாத்தையும் நக்கும், சமையல் சிலிண்டரை இழுத்துட்டு வர்ற ஐடியாவும் வேணாம்.

சூடு வைக்கிறதுக்கு முன்னாடி நேத்து ஊத்துன எண்ணெயை நல்லா துடைச்சுக் காய விடுங்க. டீசல் டேங்க், டீசல் லைன், பிரேக் லைன், வயரிங், ஸ்டெப்னி டயர், ரப்பர் எல்லாம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாருங்க, பக்கத்துல இருந்தா ஈரச் சாக்கு போட்டு மூடுங்க, முடியலன்னா தீயே வேணாம். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்ச இடத்துல தீ காட்டக் கூடாது, சில கிளீனர்ல குளோரின் இருக்கும், அது சூடானா விஷப் புகை. ஜிஐ பைப் வெச்சு எவனாவது ஒட்டுப் போட்டிருந்தா அதையும் சூடு பண்ணாதீங்க, துத்தநாகப் புகை மூச்சுல போனா ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். சிஎன்ஜி வண்டிக்கு இந்தப் பாரா மொத்தமும் கிடையாது, தீயைப் பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. பக்கத்துல தண்ணி வாளியும் தீயணைப்பானும், கூட ஒரு ஆளும் இருக்கணும். நட்டுக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கு, சூடு பண்ணி தீயை எடுத்துட்டு ஆறிக்கிட்டு இருக்கும்போது மெழுகுவர்த்தியை மரை மேல தேச்சா மெழுகு உருகி உள்ள ஓடும், அப்புறம் ஸ்பேனர் போட்டுப் பாருங்க.

எனக்கு வீட்ல தீயை விட கிரைண்டர்தான் பிடிக்கும். முதல்லயே முடிவு பண்ணுனோம் இல்ல எந்தப் பக்கம் போகட்டும்னு, இப்ப அது கைகொடுக்கும். போகப் போறது வெளிப் பைப்புன்னா, அதோட விளிம்புலருந்து கிளாம்ப் பள்ளத்தைத் தாண்டுற வரைக்கும் நீளவாக்குல ஒரு வெட்டு, எதிர் பக்கம் இன்னொரு வெட்டு. வெளிப் பைப் கனம் ஒன்றரை மில்லி சுமார்தான் இருக்கும், அதனால மெதுவா, அழுத்தாம, வீலோட வெயிட்லயே இறக்கணும். வெட்டுக்குள்ள கருப்பா துருக் கோடு தெரிஞ்சதும் நிறுத்திடுங்க, அதுக்குக் கீழ இருக்கறது நாம காப்பாத்த வேண்டிய பைப். மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கற இடத்துல உளியை வெட்டுக்குள்ள வெச்சு தட்டித் திருகுனா பிளந்துக்கும், பிளந்த ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால நிமித்தி எடுத்தா தோலை உரிக்கிற மாதிரி வந்துடும். பொறி எந்தப் பக்கம் தெறிக்குதுன்னு பாத்துக்கோங்க, டேங்க் பக்கம் போனா ஒரு தகரத்தை மறைப்பு வைங்க, காஞ்ச புல்லு மேல வண்டியை நிறுத்தாதீங்க, கிரைண்டரோட கார்டைக் கழட்டிட்டு ஓட்டாதீங்க.

போகப் போறது உள் பைப்புன்னா கொஞ்சம் நுணுக்கம். ஜாயின்ட்டுக்கு ஒரு இன்ச் வெளிய உள் பைப்பை அறுத்துடணும். இப்ப வெளிப் பைப்புக்குள்ள ஒரு குட்டை வளையம் மாட்டிக்கிட்டு நிக்கும். வெறும் ஆக்சா பிளேடை ஒரு முனைல துணி சுத்திப் பிடிச்சுக்கிட்டு அந்த வளையத்தை உள்பக்கமிருந்து நீளவாக்குல அறுக்கணும், கை வலிக்கும், வேற வழி இல்ல. ரெண்டு கோடு பக்கத்துல பக்கத்துல அறுத்து அந்தச் சின்னப் பட்டையை உளியால உள்பக்கமா மடக்கிட்டா வளையம் இறுக்கம் விட்டுடும், பிளையரால சுருட்டி இழுத்துடலாம்.

கழண்டதுக்கு அப்புறம் காப்பாத்துன பைப் முனையை உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆகுற வரைக்கும் தேய்ங்க, நெளிஞ்ச இடத்தை உள்ள ஒரு கட்டி இரும்பு குடுத்து தட்டி வட்டமாக்குங்க. மாட்டும்போது மறுபடி இறுகாம இருக்க முனைல சூடு தாங்குற காப்பர் பேஸ்ட் இல்லன்னா நிக்கல் பேஸ்ட் மெல்லிசா தடவுங்க, சென்சார் முனைல மட்டும் படக்கூடாது. சாதா கிரீஸ் எரிஞ்சு கரியாகிடும், அது வேணாம். யூ கிளாம்ப்புக்குப் பதிலா பட்டையா வர்ற ஸ்டெயின்லெஸ் பேண்ட் கிளாம்ப் கிடைச்சா கொஞ்சம் காசு கூடப் போனாலும் அதையே வாங்குங்க, அது பைப்பை நெளிக்காது, அடுத்த தடவை கழட்டும்போது பள்ளம்ங்கற பிரச்சனையே இருக்காது. ஃபிளாஞ்ச்னா பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீங்க.

எல்லா ஜாயின்ட்டையும் லூசா சொருகி, ரப்பர் எல்லாம் மாட்டி, பைப் சேசிஸ்லயோ ஆக்சில்லயோ இடிக்கலன்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் இன்ஜின் பக்கத்துலருந்து பின்னாடி நோக்கி ஒவ்வொண்ணா முடுக்கிட்டு வாங்க. பின்பக்கம் முதல்ல முடுக்குனா முன்னாடி கோணிக்கும். திறந்த இடத்துல ஸ்டார்ட் பண்ணி, சூடாகறதுக்குள்ள ஒருத்தர் டெயில் பைப் வாயை ஈரத் துணியால ஒரு செகண்டு லேசா அடைச்சுப் பிடிக்க, ஜாயின்ட் கிட்ட புஸ்ஸுனு சத்தம் வருதான்னு கேளுங்க. புது பைப்புலருந்து முதல் கொஞ்ச நேரம் எண்ணெய்ப் புகை வரும், அது பேஸ்ட்டும் ஸ்ப்ரேயும் எரியுறது, பயப்பட வேணாம். ரெண்டு மூணு லோடு அடிச்சதுக்கு அப்புறம் வண்டி ஆறியிருக்கும்போது கிளாம்ப் நட்டை எல்லாம் இன்னொரு தடவை முடுக்கிப் பாத்துடுங்க, சூடாகி ஆறுனதுல கண்டிப்பா ஒரு கால் சுத்து குடுக்கும்.